கருவாட்டுக் கூடையும் கதிரியக்கமும்

நரிக்குடியிலிருந்து நம் நேயர் ஒருவர் கடிதம் விடுத்திருக்கிறார். சங்கதி மேற்பார்வைக்குச் சிறியது. யோசிக்கப் புகுந்தால், ஏழை மக்களின் உணவையும், நாட்டின் அறிவையும், ஆட்சியாளரின் கடமையையும் ஒருங்கே தொடுவதாயிருக்கிறது. ஆதலின் அதற்குத் தனிக் கடிதத்தில் விடையளிப்பதினும் இப்பத்தியில் விடையளிப்பதே தகும் என்று கருதினோம்.

அருப்புக்கோட்டைக்கும் மானாமதுரைக்கும் இடையே ரயிலில் சென்றவர்கள் அந்தச் சீமையை அறிவார்கள். வானம் பார்த்த பூமி, வற்றிய கண்மாய்கள், எங்கு நோக்கினும் சீமைக் கருவேல். அங்கே கடல் கண்ணுக்கு எட்டாது. எனினும் கடலின் விளைவு அங்கே வாரந்தோறும் வந்து இறங்குகிறது. இராமநாதபுரம் கரையில் காய்ந்த நெத்திலியும் சாளையும் கூடைகளில் ஏறிச் சந்தைக்கு வருகின்றன. கறி வாங்க வகையில்லாத குடும்பத்திற்குக் கம்பங்கூழோடு கடித்துக்கொள்ளக் கிடைக்கும் மாமிசம் அது ஒன்றே.

சென்ற மாதம் அச்சந்தையில் ஒரு வாலிபர், கருவாட்டுக் கடை முன் நின்று, தம் கைபேசியில் வந்த செய்தியொன்றை உரக்கப் படித்தாராம். கடல் மீனில் பொலோனியம் என்னும் கதிரியக்க விஷம் இருப்பதாகவும், ஒரு மனிதனைக் கொல்ல அதில் ஒரு தூசி போதும் என்றும், இதெல்லாம் கூடங்குளத்திலிருந்து வருவது என்றும் அதில் கண்டிருந்தது. கூடி நின்றவர்கள் ஒவ்வொருவராய் நழுவினர். அன்று மாலை அந்தக் கிழவியின் கூடை வந்தபடியே திரும்பியது. “எங்க பாட்டன் பூட்டன் காலத்திலேருந்து தின்ன பண்டம், இன்னைக்கு எப்படி ஐயா நஞ்சாப் போச்சு?” என்று அவள் நம் நேயரைக் கேட்டிருக்கிறாள். அவருக்கு விடை தெரியவில்லை, நம்மைக் கேட்கிறார்.

கேள்வி இரண்டு. மீனில் பொலோனியம் உண்டா? உண்டெனில் மீனை உண்ணலாமா? இரண்டிற்கும் நமது விடை ஒன்றே: உண்டு, உண்ணலாம். ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால் அது தீர்ப்பாகுமேயன்றி நியாயமாகாது. ஆகவே சாட்சியங்களை வரிசையாக எடுத்து வைப்போம்.

பொலோனியம் என்னும் பெயரே ஒரு தேசத்தின் கதை. 1867-ம் ஆண்டில் வார்ஸாவில் ஒரு பெண் பிறந்தாள். அப்போது போலந்து என்றொரு நாடு உலகப் படத்தில் இல்லை. ருஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அதை மூன்று துண்டாக்கி விழுங்கியிருந்தன. பிறந்த மண்ணில் பெண்களுக்கு உயர்கல்வி மறுக்கப்படவே, அவள் பாரிஸுக்குச் சென்று கற்றாள். 1898-ம் ஆண்டு ஜூலை மாதத்தில், கணவர் பியர் கியூரியுடன் சேர்ந்து ஒரு புதிய மூலகத்தைக் கண்டபோது, அடிமைப்பட்டுக் கிடந்த தன் தாய்நாட்டின் பெயரையே அதற்குச் சூட்டினாள். மேரி கியூரியின் போலந்து விடுதலை பெற்றது 1918-ல். அதற்கு இருபது ஆண்டு முன்பே ரஸாயன நூல்களில் அது இடம் பெற்றுவிட்டது. இத்தகைய பெயரைத் தாங்கிய பொருளை வெறும் பூதமாக்கிப் பாமரரை மிரட்டுவது அறிவுக்கும் அழகன்று, தேசாபிமானத்திற்கும் அழகன்று.

இனி, அது மீனுக்குள் எவ்வாறு புகுந்தது என்பதைக் கூறுவோம். பூமியிலுள்ள பாறைகளிலும் மண்ணிலும் யுரேனியம் சிறிதளவு கலந்திருக்கிறது. அது பூமி தோன்றிய நாள் முதல் மெல்லச் சிதைந்து வருகிறது. அதில் பாதி சிதைவதற்கு ஏறக்குறைய 450 கோடி ஆண்டுகள் ஆகும். அந்தச் சிதைவின் வழியிலே ரேடியம் பிறக்கிறது. ரேடியத்திலிருந்து ரேடான் என்னும் வாயு பிறக்கிறது. வாயுவாதலால் அது மண்ணின் இடுக்குகள் வழியே வெளியேறிக் காற்றோடு செல்கிறது. பாதி சிதைய நான்கு நாளுக்குச் சற்றுக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும் அவ்வாயு, வானத்திலேயே சிதைந்து ஒருவகைக் கதிரியக்க ஈயமாகிறது. மழை அதைக் கழுவிக் கடலில் இறக்குகிறது. அந்த ஈயத்திலிருந்து பிறப்பதே பொலோனியம்-210. கடல் நீரில் கரைந்துள்ள ரேடியமும் தன் பங்கிற்குச் சிறிது சேர்க்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதைப் பற்றிக்கொள்கின்றன. அவற்றைச் சிறு மீன் உண்கிறது. சிறு மீனைப் பெரு மீன் உண்கிறது.

ஆகவே கருவாட்டில் உள்ள பொலோனியத்தின் மூலத்தைத் தேடிப் போனால், அது பெரும்பாலும் தரையில் வந்து முடிகிறது. நரிக்குடியின் கரம்பை மண்ணும் அந்த வாயுவை வானுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. மழை அச்சீமையைப் புறக்கணித்துக் கடலிலே போய்ப் பெய்வதை நாம் அறிவோம். அப்படிக் கடலுக்குச் சென்றது கூடையிலே திரும்பி வருகிறது. இதில் எந்த உலைக்கும் பங்கில்லை. இராமாயண காலத்து மீனிலும் இது இருந்தது.

அடுத்தது அளவு. எப்பொருளும் அளவைக் கொண்டே நஞ்சென்றோ உணவென்றோ பெயர் பெறும். ஒரு விநாடியில் ஓர் அணு சிதைந்தால் அதை ஒரு பெக்கரல் என்பர். 1896-ல் கதிரியக்கத்தை முதலில் கண்ட பிரெஞ்சுக்காரரின் பெயர் அது. அச்சிதைவு மனித உடலுக்கு எவ்வளவு ஊறு செய்யக்கூடும் என்பதை அளக்கும் அலகு சீவர்ட். அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி சீவர்ட். வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி ஸ்தாபனம் உலகத்துக் கடல்களிலிருந்தெல்லாம் அளவுகளைத் திரட்டி 1995-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு கிலோ மீனில் சராசரி 2.4 பெக்கரல், இறால் நண்டு வகைகளில் 6, சிப்பி மட்டி வகைகளில் 15 என்பது அதில் கண்ட பொலோனியக் கணக்கு. மனிதன் செய்த அணுகுண்டுகளிலும் உலைகளிலும் பிறக்கும் ஸீஸியத்தைக் காட்டிலும், இயற்கையான பொலோனியமே கடலுணவு வழியாக மனிதனுக்குப் பன்மடங்கு மிகுதியான கதிரியக்கத்தை அளிக்கிறது என்பதே அவ்வறிக்கையின் சாரம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஆண்டிற்கு 10 கிலோ மீன் உண்கிறார் என்று வைத்துக்கொண்டால், அவர் உட்கொள்வது சுமார் 24 பெக்கரல். வயது வந்தவருக்கு அது தரும் கதிரியக்கம் 0.03 மில்லி சீவர்ட். ஐக்கிய நாடுகள் சபையின் கதிரியக்க விஞ்ஞானக் குழு 2000-ம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் மூச்சுக் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் ஒரு மனிதன் ஆண்டொன்றுக்கு இயற்கையாகப் பெறுவது உலகச் சராசரியில் 2.4 மில்லி சீவர்ட். அதில் பாதிக்கு மேல் நாம் சுவாசிக்கும் ரேடானால் வருவது. மேற்படி 10 கிலோ மீன் தருவது அம்மொத்தத்தில் எண்பதில் ஒரு பங்கு.

கருவாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதுண்டு. பொலோனியம் மீனின் தசையில் குறைவாகவும், குடலிலும் ஈரலிலும் மிகுதியாகவும் தங்கும். பெரிய மீனைக் குடல் நீக்கி உண்கிறோம். நெத்திலியை முழுதாக உண்கிறோம். காயும்போது நீர் வற்றுவதால் கிலோவுக்குரிய எண்ணிக்கையும் ஏறித் தோன்றும். ஆனால் மீன் ஒன்றிலுள்ள அளவு காய்வதனால் ஏறுவதில்லை. மாறாக, நாட்செல்லச் செல்ல அது இறங்குகிறது. பொலோனியத்தில் பாதி 138 நாட்களில் சிதைந்துவிடும்; கரையில் காய்ந்து இரண்டு மாதம் கழித்துச் சந்தைக்கு வரும் நெத்திலியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஏற்கெனவே மறைந்திருக்கும். எல்லாவற்றையும் பாதகமாகவே கொண்டு, மேற்கண்ட கணக்கைப் பத்து மடங்காக்கினாலும் 0.3 மில்லி சீவர்ட்டுக்குள் அடங்குகிறது.

கதிரியக்கம் உள்ள பொருளையே தொடமாட்டேன் என்று ஒருவர் விரதம் பூண்டால், அவர் முதலில் தம் உடலைத் துறக்க வேண்டும். நம் எலும்பிலும் தசையிலும் உள்ள பொட்டாஸியத்தில் ஒரு சிறு பகுதி இயல்பாகவே கதிரியக்கமுள்ளது. வளர்ந்த மனிதன் ஒருவனது உடலில் ஒவ்வொரு விநாடியும் அதன் அணுக்கள் 4,000-க்கு மேல் சிதைகின்றன. கடல் நீர் ஒரு லிட்டரில் 12 பெக்கரல் அளவுக்கு அதே பொட்டாஸியம் கலந்திருக்கிறது. கேழ்வரகிலும் பயறுகளிலும் இளநீரிலும் அது உண்டு.

“ஒரு தூசி மனிதனைக் கொல்லும்” என்ற வாக்கியமும் அடியோடு பொய்யன்று; அதனால்தான் அது அபாயமான வாக்கியம். 2006-ம் ஆண்டு லண்டனில் அலெக்ஸாண்டர் லிட்வினென்கோ என்ற ருஷ்யரைக் கொல்லப் பயன்பட்டது இதே பொலோனியம்-210 தான். ஆனால் அவ்வாறு உயிரைக் குடிக்க வேண்டிய அளவு 100 கோடி பெக்கரலும் அதற்கு மேலும். அது அணு உலையில் செயற்கையாகத் தயாராகும் சரக்கு. கிலோவுக்கு 2 அல்லது 15 பெக்கரல் உள்ள பண்டத்தை உண்டு அந்த அளவை எட்ட வேண்டுமானால், ஒருவன் ஊர் ஊராகக் கடல் முழுவதையும் தின்ன வேண்டும். இன்னுமொன்று: புகையிலையிலும் பொலோனியம் உண்டு என்பது 1964 முதல் தெரிந்த சேதி. பீடியின் புகை அதை நேரே நுரையீரலில் கொண்டு சேர்க்கிறது. கருவாட்டுக் கூடையைக் கண்டு ஒதுங்கியவர்களில் எத்தனை பேர் வாயில் பீடி புகைந்துகொண்டிருந்தது என்பதை நம் நேயர் எழுதவில்லை.

நிற்க. இதுகாறும் கூறியது பீதியைப் பரப்புவோருக்கு விடை. இனி மற்றொரு சாராருக்கும் விடை கூற வேண்டியிருக்கிறது.

கூடங்குளத்தைச் சூழ்ந்த கடற்கரையின் மீன்களிலும் சிப்பிகளிலும் உள்ள பொலோனியத்தை நாகர்கோயில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள் அளந்து, 2011-ல் முடிவுகளை வெளியிட்டனர். கூடங்குளத்து முதல் உலை இயங்கத் தொடங்கியதோ 2013-ம் ஆண்டு ஜூலை 13-ல். உலையில் தீ மூட்டுமுன்பே அக்கடலில் பொலோனியம் இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. கைபேசிச் செய்தியின் வழக்கு இங்கே தள்ளுபடியாகிறது.

ஆனால் இந்தச் சாட்சியைக் கையிலேந்திக்கொண்டு, “பார்த்தீர்களா, கதிரியக்கம் எங்கும் உள்ளதே, வாழைப்பழத்திலும் உள்ளதே, நீங்கள் ஏன் உலையைப் பற்றிக் கேள்வி கேட்கிறீர்கள்?” என்று புன்முறுவலோடு பேசும் உத்தியோகஸ்தர்களும் நிபுணர்களும் உளர். இதை நாம் ஒப்புவதற்கில்லை. கட்சிக்காரன் ஒருவனுக்கு முன்னோர் வைத்த கடன் ஒன்று உண்டு என்பதற்காக, நீட்டிய புதுக் கடன் பத்திரத்தையெல்லாம் படித்துப் பாராமல் கையொப்பமிடு என்று எந்த வக்கீலும் சொல்லான். இயற்கை வைத்த கடனை நாம் தவிர்க்க முடியாது. மனிதன் வைக்கும் கடனுக்கு நம் சம்மதம் வேண்டும், கணக்கும் வேண்டும்.

மேலும், அந்த வாழைப்பழக் கணக்கே ஒரு புரட்டு. பொட்டாஸியம் உடலில் மிஞ்சினால் உடல் அதை வெளியேற்றிவிடும். தவிரவும் பெக்கரல் எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல. உணவோடு உட்சென்ற ஒரு பெக்கரல் பொலோனியம், ஒரு பெக்கரல் ஸீஸியத்தைப் போல் ஏறக்குறைய 90 மடங்கு ஊறு செய்ய வல்லது. பொட்டாஸியத்தைப் போல் சுமார் 190 மடங்கு. அதன் கதிர் ஒரு காகிதத் தாளைக் கூடத் துளைக்காது. ஆனால் உள்ளே புகுந்துவிட்டால் அண்டையிலுள்ள உயிரணுக்களின் மேல் தன் வலிமை முழுவதையும் செலுத்தும். பால் மறந்த குழந்தைக்கோ அதே ஒரு பெக்கரல் பெரியவர்களுக்குப் போல் ஏழு மடங்கு கனமானது. இத்தனை வேற்றுமைகளையும் மறைத்து ஒரு பழத்தைக் காட்டி வாயடைப்பவர், பீதி பரப்பும் வாலிபரைக் காட்டிலும் எவ்விதத்திலும் மேலானவரல்லர். இவரும் பாதிச் சாட்சியத்தைக் கொண்டு முழுத் தீர்ப்புக் கேட்கிறார்.

இயற்கைக் கதிரியக்கம் மிகுந்த இடத்தில் வாழ்வோருக்கு என்ன நேர்கிறது என்பதையும் நமது நாட்டிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். மோனஸைட் மணல் நிறைந்த கொல்லம் கரையில், கருநாகப்பள்ளியில், சுமார் 70,000 பேரைச் சராசரி பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே புற்றுநோய் மிகுந்திருப்பதாகக் காணப்படவில்லை. இது ஆறுதலான செய்தி. ஆயினும், சிறிய அளவுக்கும் அதற்கேற்ற சிறிய அபாயம் உண்டென்று கொண்டு நடப்பதே விவேகம் என்பது கதிரியக்கப் பாதுகாப்பு நிபுணர்கள் உலகெங்கும் மேற்கொண்டுள்ள விதி. அவ்விதியை ஒட்டியே, அணுத் தொழிலால் பொதுமக்களில் ஒருவருக்கு ஆண்டில் ஒரு மில்லி சீவர்ட்டுக்கு மேல் சேரலாகாது என்று நமது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் வரம்பு கட்டியிருக்கிறது. வரம்பு கட்டியவர்கள் அளந்து காட்டவும் கடமைப்பட்டவர்கள்.

அளக்கிறார்களா? அளக்கிறார்கள். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அதற்கென்றே சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே பெறும் எண்கள் ஆங்கில அறிக்கைகளிலும் விஞ்ஞானப் பத்திரிகைகளிலும் போய்ப் படுத்துக்கொள்கின்றன. இடிந்தகரையில் வலை பின்னுகிறவருக்கும் நரிக்குடியில் கருவாடு வாங்குகிறவருக்கும் அவை வந்து சேர்வதில்லை. அறிவு வராத வழியில் வதந்தி வரும். 2011 மார்ச்சில் ஜப்பானின் புக்குஷிமா உலை சிதைந்தபோது, சீன தேசத்து நகரங்களில் ஜனங்கள் உப்பு வாங்க முண்டியடித்துக் கடைகளைக் காலி செய்தார்கள். 2023 ஆகஸ்டு 24-ல் அந்த உலையின் சுத்திகரித்த நீரைக் கடலில் விடத் தொடங்கிய அன்றே, ஜப்பானிய கடலுணவு முழுவதற்கும் சீனா தடை விதித்தது. எங்கோ ஒரு மந்திரி சபை எழுதிய ஓர் உத்தரவால் மீனவரின் அடுப்பு அணைகிறது. நமது கரையில் அப்படியொரு நாள் வந்தால், நமது மீன் குற்றமற்றது என்று நிரூபிக்க நம் மீனவர் கையில் என்ன ருஜு இருக்கிறது?

ஆகவே நமது கோரிக்கை எளியது. சென்னை முதல் கன்னியாகுமரி வரை முக்கியமான மீன்பிடி துறைகளில், மூன்று மாதத்திற்கு ஒரு முறை, மீனையும் சிப்பியையும் கருவாட்டையும் எடுத்து அளக்க வேண்டும். இயற்கையான பொலோனியம் இவ்வளவு, மனிதன் சேர்த்த ஸீஸியம் இவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். குழந்தைகளுக்குரிய கணக்கைத் தனியே போட வேண்டும். அந்த வேலையைச் சர்க்கார் ஆய்வுக்கூடம் மட்டும் செய்தால் போதாது. நமது கல்லூரிகளும் தனியே அளந்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். நாகர்கோயில் கல்லூரி செய்ததை மதுரையும் தூத்துக்குடியும் காரைக்குடியும் செய்ய இயலாதா? கடைசியாக, அந்த எண்களைத் தெளிவான தமிழில் எழுதித் துறைமுகத்திலும் பஞ்சாயத்துப் பலகையிலும் ஒட்ட வேண்டும். 2013-ம் ஆண்டு மே 6-ல் கூடங்குள வழக்கில் தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட்டு, உலைக்கு அனுமதி கொடுத்ததோடு நில்லாமல் பாதுகாப்புக்கான பல கட்டளைகளையும் உடன் விதித்தது. நம்பிக்கை என்பது கண்காணிப்பின் மேல் நிற்பது என்னும் தத்துவம் அதில் அடங்கியிருக்கிறது. அக்கண்காணிப்பின் பயனை ஜனங்கள் கண்ணால் காண வேண்டாமா?

அரசியல் வேலையில் ஈடுபட்ட நமது இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அணு உலையை எதிர்க்க உங்களுக்கு முழு உரிமையுண்டு. அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. ஆனால் ஏழையின் கூடையை ஆயுதமாக்காதீர்கள். நீங்கள் தாக்க நினைப்பது டில்லியை. அடி விழுவதோ கருவாட்டுக் கிழவியின் மேல். அவளிடம் வாங்காமல் திரும்பிய தாய் தன் பிள்ளைக்கு அதற்குப் பதிலாக எதைக் கொடுத்தாள்? முட்டையா, பாலா? வெறுங் கூழும் ஊறுகாயுமாகத்தான் இருந்திருக்கும். எலும்போடு தின்னும் நெத்திலியில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. எண்பதில் ஒரு பங்கு அபாயத்துக்கு அஞ்சி, கண்முன் உள்ள சத்தை இழப்பது எவ்வகை விவேகம்? கருவாட்டைப் பற்றி உண்மையாகவே எச்சரிக்க வேண்டுமானால் அதிலுள்ள உப்பைப் பற்றி எச்சரியுங்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அளவோடு உண்ணட்டும். மணலில் கொட்டிக் காய வைக்காமல் சுத்தமான மேடையில் காய வைக்க மீனவருக்கு வசதி கேளுங்கள். அது பயனுள்ள கிளர்ச்சி.

நரிக்குடி நேயருக்கு நமது வேண்டுகோள் இது. அடுத்த சந்தையன்று அந்த அம்மையிடம் சென்று சொல்லுங்கள்: உன் பாட்டன் பூட்டன் தின்றதில் இருந்ததுதான் இன்றும் இருக்கிறது; பண்டம் மாறவில்லை; புதிதாக வந்தது வதந்தி ஒன்றே. சொன்னதோடு நில்லாமல், எல்லோரும் பார்க்கக் கால் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு திரும்புங்கள். பிறகு வீட்டில் அமர்ந்து, நமது கரையோரத்து மீனின் கணக்கைத் தமிழில் வெளியிடுமாறு உங்கள் சட்டசபை அங்கத்தினருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். இரண்டையும் செய்வதே முழுக் கடமை.